நாற்பதாவது கட்டம்

ஈரம் மறுபடியும் இடம் மாறியிருந்தது.

நேற்று மாலை அவள் அளந்தபோது அது சுவரின் இடது மூலையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தை ஆறு நிமிடம் காய்ச்சி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, ஈரமானியை வைத்துப் பார்த்து, பதினொன்று என்று சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் எந்திரத்தை அணைத்தாள். இன்று காலை எட்டு மணிக்கு, பல்லைக்கூட ஒழுங்காகத் துலக்காமல் ஓடிவந்து பார்த்தால், அந்த மூலை காய்ந்த ரொட்டி மாதிரி கிடக்கிறது. ஈரம் வலது பக்கம், அவள் தலைக்கு மேலே போய் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. எக்கித் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. ஈரமானி தொண்ணூற்று நான்கு காட்டியது.

பன்னிரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் தொழில். நனைந்த சுவர்களை மைக்ரோவேவ் எந்திரத்தால் உலர்த்துவாள். அதே எந்திரத்தால் கதவுக்குள்ளும் உத்திரத்துக்குள்ளும் குடியிருக்கும் வண்டையும் புழுவையும் கொல்வாள். வாடிக்கையாளர்கள் சுவர் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் காயவைத்துக் கொடுத்தவளின் சொந்த வீட்டில் ஒரு சுவர் காயமாட்டேன் என்று அடம்பிடித்தால் எரிச்சல் வருமா, வராதா? ஈரம் ஊறும், ஏறும், இறங்கும், கசியும். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குக் குடிபோகாது. இந்தச் சுவருக்குள் குழாய் கிடையாது. இது வெளிச்சுவரும் இல்லை. இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் மகளின் அறை. அடித்தளத்தில் துளை போட்டு மருந்து ஏற்றியாகிவிட்டது, பூச்சைச் செதுக்கிப் புதிதாகப் பூசியாகிவிட்டது. ஈரம் வருவதற்கு ஒரு வழியும் இல்லை. ஆனாலும் இரண்டு மாதமாக அது அவளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரே மகள். ஆறு வயது. மூச்சை வெளியே விடும்போது கடைசியில் மெல்லிய சீட்டி ஒன்று வரும்; அதனால் கப்பலில் வேலை பார்க்கும் அப்பா வைத்த செல்லப்பெயர் விசில். இரண்டு மாதத்துக்கு முன் அந்தச் சீட்டி இழுப்பாக மாறி, உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஈரச் சுவர் காய்கிற வரைக்கும் பிள்ளை அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அன்றிலிருந்து விசில் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். தினமும் போனில் எப்போது வரட்டும் என்று கேட்பாள். இவள் அடுத்த வாரம் என்பாள். எட்டு அடுத்த வாரம் போய்விட்டது. போனை வைத்தபிறகு சுவரைப் பார்த்து அவள் திட்டுகிற திட்டு வெளியே சொல்லும்படி இருக்காது.

மகளின் கட்டில் இந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. தூங்கப் போனதும் விசில் அந்தப் பக்கமிருந்து விரல் முட்டியால் தட்டுவாள். வேகமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. கூடத்து சோபாவில் இருந்து இவள் அதே மாதிரி திருப்பித் தட்டுவாள். நான் இங்கே இருக்கிறேன், நானும் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அவர்களுக்குள் அது ஓர் ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் மகள் ஒன்று சொன்னாள்.

"நீ தட்டலைன்னாலும் சுவரு தட்டுதும்மா."

அவள் சிரித்துவிட்டு அந்த அறையின் கதவு நிலையைப் பார்த்தாள். குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள், கீழே மாவு மாவாக மரத்தூள். வண்டு. அது மரத்துக்குள் தலையை முட்டும்போது தட்டுகிற மாதிரிதான் கேட்கும். எந்திரத்தைக் கொண்டுவந்து நிலையை அறுபது டிகிரிக்கு ஏற்றினாள். உள்ளே அரித்துக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது என்று தூளைக் கூட்டி அள்ளினாள். மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவந்த அன்று சாயங்காலம், ஆளில்லாத அறைப் பக்கமிருந்து தட்டு கேட்டது. வேகமாக இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. காய்ந்த மரம் சுருங்கினால் அப்படித்தான் சத்தம் வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டது. பலமுறை சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்கு எந்திரம் கையில் இருக்கும் கடைசி நாள். வேலை குறைவாக இருக்கிறது, மூன்று நாள் வைத்துக்கொள் என்று முதலாளி கொடுத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போய்விடும், பிறகு ஒரு மாதத்துக்கு வேறு ஊரில் வேலை. அதனால் இன்று அவள் முறையை மாற்றினாள். ஓடுகிறதா, ஓடட்டும். எதுவரை ஓடும்? சுவரை ஐந்து வரிசை, எட்டுப் பத்தி என்று நாற்பது கட்டமாகக் கோடு போட்டாள். நான்கு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கிக் காய்ச்சிக்கொண்டே வந்தால், தரையில் கொட்டிய தண்ணீரைத் துடைப்பத்தால் வளைத்து ஒரே இடத்தில் சேர்க்கிற மாதிரி, அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

எட்டேகாலுக்கு முதல் கட்டத்தில் எந்திரத்தின் புனல் வாயைச் சுவரோடு பொருத்தினாள். பொருத்தியதும் முதல் காரியமாகச் சுற்றிக்கொண்டு மகளின் அறைக்குப் போய்ப் பார்த்தாள். இந்தத் தொழிலில் எத்தனை விதிகள் இருந்தாலும் பெரிய விதி இதுதான்: பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளே இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்வாள்.

"இதுக்குச் சுவரும் தெரியாது, ஆளும் தெரியாது. தண்ணி எங்க இருக்கோ அதைச் சூடாக்கும், அவ்வளவுதான். நம்ம உடம்புல முக்கால்வாசி தண்ணி. ஞாபகம் வச்சுக்கோ."

அறை காலி. கட்டில், மடித்த போர்வை, ஒரு காது பிய்ந்த துணி யானை. கதவைச் சாத்தி மஞ்சள் சங்கிலியைக் குறுக்கே மாட்டினாள். அந்த அறைக்குப் பின்கட்டுப் பக்கம் இன்னொரு கதவு உண்டு; யாரும் புழங்குவதில்லை, பூட்டியே கிடப்பது. அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

வெளியே ஒரு வாரமாக நிற்காத மழை. பகல் பத்து மணிக்கே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. எந்திரம் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருக்க, ஆவியை வெளியேற்றும் பெரிய விசிறி கடகடக்க, சுவரிலிருந்து சுண்ணாம்பும் பழைய மண்ணும் வெந்த வாசனை எழுந்து அவள் தொண்டையில் மாவு மாதிரி படிந்தது. கதிர் கசிந்தால் கத்துவதற்காகக் கழுத்தில் மாட்டியிருந்த சின்னக் கருவி அவ்வப்போது ஒரு முறை கிக் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. ஆறு நிமிடம். அணை. அள. எழுது. தள்ளு. பொருத்து. சுற்றிப் போய்ப் பார். திரும்பி வா. பதினைந்தாவது தடவை நடக்கும்போது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. இருபதாவது தடவை, காலி அறையை எதற்கு இத்தனை தரம் பார்க்கிறோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. அப்படியும் விடாமல் போய்ப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு மேல் ஈரம் அவள் கண்ணெதிரிலேயே நகர ஆரம்பித்தது.

அதுவரை இரவில், அவள் இல்லாத நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. இப்போது அப்படிப்பட்ட மரியாதையெல்லாம் இல்லை. மேல்வரிசையின் கடைசிக் கட்டத்தில் எந்திரத்தை வைத்ததும், அங்கிருந்த கருத்த திட்டு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, கீழ்க்கட்டத்தில் அதே அளவுக்கு ஊறி நின்றது. இடது பக்கத்தை அடைத்தாள். வலது பக்கம் போயிற்று. வலது பக்கத்தை அடைத்தாள், நடுவுக்கு வந்தது. தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் வெப்பமானியை அதன்மேல் குறிவைத்துப் பார்த்தாள். கூடம் முப்பது டிகிரி, காய்ச்சிய கட்டங்கள் அறுபது. அந்தத் திட்டு மட்டும் பதினொன்று. சுற்றிலும் அடுப்பாகக் கொதிக்கும் சுவருக்கு நடுவில் பதினொன்று.

பயம் வந்தது. வந்தது உண்மைதான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. என் பிள்ளையின் மூச்சைப் பிடுங்கினது நீதானே, அவள் கட்டிலை ஒட்டிப் படுத்துக்கொண்டு அவள் தட்டுவதைத் திருப்பித் தட்டிப் பழகினது நீதானே என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டபிறகு, சுவரோடு பேசுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

நடுவில் நாத்தனாரின் போன் வந்தது. யாரென்று பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டாள். எடுத்தால் அதே கேள்விதான், இவளிடம் அதே பதில்தான். சாயங்காலம் நல்ல செய்தியாகச் சொல்லிக்கொள்ளலாம். மறுபடியும் அடித்தது. சத்தத்தை அமர்த்தி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டரை மணிக்கு முப்பத்தொன்பது கட்டமும் காய்ந்திருந்தன.

நாற்பதாவது மிச்சம். கீழிருந்து இரண்டாவது வரிசை, ஏறக்குறைய நடு. அந்தப் பக்கத்தில் மகளின் தலையணை இருக்கும் உயரம். நான்கு கோட்டுக்குள் கச்சிதமாக, கன்னங்கரேலென்று, அடைபட்டு நின்றது ஈரம். ஈரமானி நூறைத் தொட்டுத் துடித்தது. அவள் உள்ளங்கையை வைத்தாள். சுவர் மெத்தென்று இருந்தது. கையை அழுத்தினாள். உள்ளிருந்து அதுவும் அழுத்தியது.

கையை உதறி எடுத்தாள். புனல் வாயைத் தள்ளிக்கொண்டு வந்து பொருத்தினாள்.

அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

முப்பத்தொன்பது தடவை போயாகிவிட்டது. சங்கிலி மாட்டியபடியே இருக்கிறது. வீட்டில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. போய்விட்டு வருவதற்குள் இது ஓடிவிட்டால்? கோட்டின் கீழ் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு நூல் அளவுக்குக் கசிந்து வழி தேடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் இன்னும் ஒரு மாதம். இன்னும் நாலு அடுத்த வாரம்.

போகவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

எந்திரம் முனகியது. ஒரு நிமிடம். திட்டு அசையவில்லை. இரண்டு நிமிடம். ஓரம் லேசாக வெளுத்தது. விசிறியின் கடகடப்புக்கு நடுவில், சுவருக்குள் எங்கோ, கனமான எதுவோ புரண்டது.

அப்புறம் தட்டு.

வேகமாக இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

கெஞ்சுகிறது. பிள்ளை மாதிரியே தட்டிக் கெஞ்சினால் அம்மா விட்டுவிடுவாள் என்று நினைக்கிறது. இரண்டு மாதம் இந்த வேஷத்தைத்தானே போட்டது.

மறுபடியும் இரண்டு. ஒன்று.

"போதும்டி உன் நாடகம்," என்றாள். குமிழைக் கடைசிவரை திருப்பினாள்.

மறுபடி தட்டு. வேகமாக. இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு.

நின்றது.

ஆறாவது நிமிடம் எந்திரம் தானாக அணைந்தது. அவள் விசிறியையும் நிறுத்தினாள். நாற்பதாவது கட்டம் சாம்பல் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. ஈரமானியை வைத்தாள். ஒன்பது. நான்கு மூலையிலும் வைத்தாள். ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது. அப்படியே தரையில் உட்கார்ந்து, சாக்பீஸ் தூள் படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டு மாதத்துக் கோபமும் அந்த அழுகையில் போயிற்று.

அப்போதுதான் பின்கட்டில் பேச்சுக்குரல் கேட்டது.

நாத்தனார் இரண்டு கையிலும் பையோடு சமையலறை வழியாக உள்ளே வந்தாள். நாலு தடவை போன் செய்தாளாம், எடுக்கவில்லையாம். பிள்ளை காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் அம்மாவிடம் போகணும் என்று அழுததாம். சரி, ஒரு மணி நேரம் முகத்தைக் காட்டிவிட்டுக் கூட்டிப் போகலாம் என்று வந்தாளாம். முன்பக்கம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததால், தன்னிடம் இருந்த சாவிகளால் பின்வாசலையும், பிள்ளை அடம்பிடித்ததால் அவள் அறையின் பின்கதவையும் திறந்து விட்டாளாம்.

"திறந்ததுதான் தாமசம், அவ ரூமுக்குள்ள ஓடி கட்டில்ல ஏறிட்டா. அம்மாவுக்குத் தட்டிக் காட்டப்போறேன்னா. நான் கார்ல பை எடுக்கப் போனேன். என்ன, நீ திருப்பித் தட்டவே இல்லியா?"

அவள் அந்தக் கேள்வியின் பாதியிலேயே ஓடிக்கொண்டிருந்தாள். சங்கிலி அறுந்து விழுந்தது. கதவு திறந்தது.

விசில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. யானை தரையில் கிடந்தது. அவள் பிள்ளையை வாரி எடுத்து, கை, கால், கழுத்து, கண் என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு சிவப்பு இல்லை. ஒரு கொப்புளம் இல்லை. ஆறு நிமிடம், அதில் நாலு நிமிடம் முழு வேகத்தில். வெந்துபோயிருக்க வேண்டிய உடம்பு.

ஜில்லென்று இருந்தது.

சட்டை நனையவில்லை. ஆனால் தொட்ட இடமெல்லாம் விரலில் ஈரம் ஒட்டியது. சுண்ணாம்பு வாசனை அடித்தது.

பின்னாலேயே வந்த நாத்தனார் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"அட, விசில் சத்தமே இல்லடீ. சுத்தமா இல்ல. வீட்டுக்கு வந்ததுமே சரியாப் போச்சு பாரு."

பிள்ளை அத்தையைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது.

"அங்க ரொம்பச் சூடு," என்றது. "இங்க நல்லா இருக்கு."

அவள் இடுப்பிலிருந்த வெப்பமானியை எடுத்து மகளின் நெற்றிக்கு நேராகப் பிடித்தாள்.

பதினொன்று.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மழை மட்டும். அந்த மழைக்குள்ளே, தலையணைக்கு மேலே, சுவரிலிருந்து மெல்லியதாக ஒன்று வந்தது. நீண்ட ஒரு மூச்சு. அதன் கடைசியில் ஒரு சீட்டி.

அவள் திரும்பினாள்.

கட்டிலை ஒட்டிய சுவரில், பிள்ளை சாய்ந்திருந்த இடத்தில், ஒரு திட்டு. தலையணை அகலம். கருத்த ஈரம். வெப்பமானியைத் திருப்பினாள். சுற்றிலும் ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்தொன்று. திட்டில் மட்டும் முப்பத்தாறு புள்ளி எட்டு, உயிருள்ள உடம்பின் சூடு.

தட்டு கேட்டது. இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. சின்ன விரல் முட்டி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டின் ஓரம் வெளுத்தது. அவளுக்குத் தெரியாததா? நாற்பது கட்டமும் பஞ்சுபோல் காய்ந்து, சூடேறி, எங்கே ஒரு சொட்டு கிடைக்கும் என்று உறிஞ்சக் காத்திருக்கின்றன. இதைவிடச் சுத்தமாக அவள் எந்த வீட்டிலும் ஒரு சுவரைக் காயவைத்ததில்லை. தலையணை அகலம் சாப்பாட்டுத் தட்டு அகலமாயிற்று. சீட்டி இழுப்பாக மாறிற்று.

பாய்ந்து போய்க் குளியலறை வாளியை எடுத்துவந்தாள். மொத்தத்தையும் சுவரில் அடித்தாள். சுவர் சீறியது. ஆவி கிளம்பியது. திட்டு ஒரு விரல் அளவுக்கு விரிந்தது, உடனே சுருங்கியது. இன்னொரு வாளி. கூஜாத் தண்ணீர். பூக்குவளைத் தண்ணீர். நாத்தனார் என்னவோ கத்திக்கொண்டிருந்தாள், இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இவள் ஜன்னலைத் திறந்து மழையைக் கையால் ஏந்தி ஏந்திக் கொண்டுவந்து அப்பினாள். சுவர் குடித்தது. எவ்வளவு கொடுத்தாலும் குடித்தது.

இப்போது உள்ளங்கை அளவு. அவள் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து மூடிக்கொண்டாள். கைக்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னால், அத்தையின் இடுப்பிலிருந்து, மகளின் குரல் பொறுமையாகச் சொன்னது.

"நனைக்காதம்மா. காயட்டும் விடு."

கைக்குள்ளே தட்டு. இரண்டு. மிக மெதுவாக.

அவள் நெற்றியைச் சுவரில் வைத்து, அந்த மூன்றாவது தட்டுக்காகக் காத்திருந்தாள்.